கல் வளர்க்கும் தண்ணீர்

எங்கள் அப்பத்தா வீடு ராமநாதபுரம் மாவட்டத்தில், மண்டபம் என்ற ஊருக்குப் பக்கத்தில் ஒரு கடலோர ஊரில் இருக்கிறது. பழைய வீடு. சுற்றுச்சுவர் முழுக்கக் கடல் கல். பூச்சு உதிர்ந்த இடங்களில் உற்றுப் பார்த்தால் நட்சத்திரம் நட்சத்திரமாகச் சின்னக் குழிகள் தெரியும். சிறு வயதில் அந்தக் குழிகளுக்குள் ஈர்க்குச்சியைச் செருகி விளையாடியிருக்கிறேன். ஒவ்வொரு குழியும் ஓர் உயிர் உட்கார்ந்திருந்த இடம் என்பது எனக்குத் தெரிய வந்தது முப்பது வயதுக்குப் பிறகு, சிங்கப்பூரில் ஒரு மீன் கடையில். அங்கே தொட்டிக்குள் ஒரு பவளம் விரிந்திருந்தது. கடைக்காரர் கண்ணாடியை லேசாகத் தட்டியதும் உயிர்கள் எல்லாம் உள்ளே சுருங்கிக்கொண்டன. கீழே தெரிந்த கல்லில் அதே நட்சத்திரங்கள்.

இப்போது சிங்கப்பூரில் எங்கள் வீவக (அரசு அடுக்குமாடி) வீட்டின் வரவேற்பறையில் மூன்றடித் தொட்டி ஒன்று இருக்கிறது. கீழே அலமாரிக்குள் இருக்கும் சம்ப் என்ற துணைத் தொட்டியையும் சேர்த்து, பாறைகள் அடைத்த இடத்தைக் கழித்தால், 200 லிட்டர் தண்ணீர். ஐந்து வருடமாக ஓடுகிறது. ஆறு மீன்கள், மற்றதெல்லாம் பவளம். காளான் போன்றவை, பொத்தான் பொத்தானாக விரிகிறவை, நீண்ட விரல்களை ஆட்டுவது போல அசையும் யூஃபிலியா, மேல் தட்டில் கொம்பு கொம்பாகக் கிளைக்கும் அக்ரோபோரா. வீட்டுக்கு வருகிறவர்கள் விளக்கைப் பற்றிக் கேட்கிறார்கள், விலையைக் கேட்கிறார்கள். தண்ணீரைப் பற்றி யாரும் கேட்பதில்லை. இந்த ஐந்து வருடத்தில் நான் கற்றுக்கொண்டதில் பாதிக்கு மேல் அந்தத் தண்ணீரைப் பற்றித்தான். அதனால் இன்றைக்கு அதை மட்டும் எழுதுகிறேன்.

முதலில் குழாய்த் தண்ணீர். சிங்கப்பூரில் அதை அப்படியே பிடித்துக் குடிக்கலாம், ஆனால் பவளத்துக்கு ஆகாது. கிருமி நீக்குவதற்காகக் குளோரமின் சேர்க்கிறார்கள். குளோரின் என்றால் வாளியில் ஒரு நாள் வைத்திருந்தால் பறந்துவிடும்; குளோரமின் அப்படிப் போகாது. கரி வடிகட்டி அதை உடைத்தாலும் அம்மோனியா மிஞ்சும். அதையும் பிடிப்பதற்கு ஆர்.ஓ. வடிகட்டிக்குப் பின்னால், மிஞ்சிய அயனிகளைப் பிடித்துக்கொள்ளும் டி.ஐ. ரெசின் குழல் ஒன்று வேண்டும். கரைந்திருப்பதை அளக்கும் டி.டி.எஸ். மீட்டர் 0 காட்டும் தண்ணீரில்தான் உப்பைக் கரைக்கிறேன். உப்பின் அளவு ஆயிரத்துக்கு 35 பங்கு வர வேண்டும், கடலில் இருப்பது போல. அளக்கிற ரிஃப்ராக்டோமீட்டரை வெறும் தண்ணீரில் வைத்துச் சரிபார்த்தால் போதாது, 35 என்று உறுதி செய்யப்பட்ட திரவத்தில் வைத்துச் சரிபார்க்க வேண்டும். பூஜ்யத்தில் சரியாக நிற்கிற கருவி 35க்குப் பக்கத்தில் பிசகலாம்.

அப்புறம் ஆவியாதல். தண்ணீர் மட்டும்தான் ஆவியாகும், உப்பு தொட்டியிலேயே தங்கிவிடும். இந்த ஊர் வெயிலில், தண்ணீரைக் குளிர்விக்க மேலே விசிறியும் ஓடுவதால், என் தொட்டியில் ஒரு நாளைக்கு மூன்றரை லிட்டர் வரை குறைகிறது. இரண்டு நாள் கவனிக்காமல் விட்டால் உப்பு 36ஐத் தாண்டிவிடும். குறைந்ததை நல்ல தண்ணீரால்தான் ஈடுகட்ட வேண்டும், உப்புத் தண்ணீரால் அல்ல. மட்டம் இறங்கியதும் தானாக ஊற்றும் சின்ன பம்ப் ஒன்று வைத்திருக்கிறேன். தொடக்கத்தில் காசு மிச்சம் பிடிக்க எதை வேண்டுமானாலும் தள்ளிப்போடுங்கள், இதைத் தள்ளிப்போடாதீர்கள்.

இதுவரை சொன்னது மீன் தொட்டிக்கும் பொருந்தும். பவளம் வந்த பிறகு தொடங்குவது வேறு கணக்கு, ஏனென்றால் பவளம் தண்ணீரிலிருந்து கல் கட்டுகிறது. அந்தக் கல் கால்சியம் கார்பனேட், சுண்ணாம்புக்கல். கால்சியம் ஒரு பக்கம், கார்பனேட் ஒரு பக்கம், இரண்டையும் தண்ணீரிலிருந்தே எடுக்கிறது. கால்சியம் எவ்வளவு இருக்கிறது என்று நேராக அளக்கலாம். கடலில் லிட்டருக்குச் சுமார் 420 மில்லிகிராம். கார்பனேட் பக்கத்தை அளப்பதற்குத்தான் அல்கலினிட்டி.

இந்தச் சொல்லில் தமிழில் எனக்கு ஒரு சிக்கல் உண்டு. பி.எச். கூடினால் 'காரத்தன்மை கூடிவிட்டது' என்கிறோம். அல்கலினிட்டிக்கும் பாடப்புத்தகத்தில் காரத்தன்மை என்றுதான் இருக்கிறது. இரண்டும் ஒன்றல்ல. பி.எச். என்பது இந்த நொடியில் தண்ணீர் எப்படி இருக்கிறது என்பது. அல்கலினிட்டி என்பது அமிலம் வந்து விழுந்தால் தாங்கிக்கொள்ள எவ்வளவு இருப்பு இருக்கிறது என்பது, அந்த இருப்பில் பெரும்பகுதி பைகார்பனேட். ஊரிலிருந்து தொட்டி பற்றிக் கேட்டு எழுதுகிற நண்பர்கள் பலர் இந்த இடத்தில்தான் குழம்புகிறார்கள். அதனால் தொட்டிக்காரர்கள் சொல்வது போலக் கே.எச். என்றே நானும் சொல்லிவிடுகிறேன். ஜெர்மன்காரர்கள் கார்பனேட் கடினத்தன்மைக்கு வைத்த பெயரின் சுருக்கம் அது. கடலில் சுமார் 7. தொட்டிகளில் 7க்கும் 9க்கும் நடுவே வைத்துக்கொள்கிறோம்.

இப்போது முக்கியமான விஷயம். பவளம் இரண்டையும் சம பங்கில் எடுத்தாலும் தண்ணீரில் இருக்கிற இருப்பு சமம் இல்லை. கே.எச். 8லிருந்து 5.2க்கு இறங்குகிற அளவுக்குக் கல் கட்டினாலும், கால்சியம் 420லிருந்து 400க்குத்தான் இறங்கும். வீடு கட்டுகிற இடத்தில் செங்கல் மலை போலக் குவிந்து கிடக்கிறது, சிமெண்ட் நாலு மூட்டைதான் என்று வைத்துக்கொள்ளுங்கள். ஒரு நாள் வேலைக்குப் பிறகு செங்கல் குறைந்தது கண்ணுக்கே தெரியாது, சிமெண்ட் பாதி காலியாகியிருக்கும். புதிதாகப் பவளம் வளர்க்கிறவர்கள் வாரம் தவறாமல் கால்சியத்தை அளந்துவிட்டு, 'எல்லாம் நன்றாக இருக்கிறது, ஆனால் பவளம் வாடுகிறது' என்கிறார்கள். அவர்கள் பார்த்தது செங்கல் குவியலை.

மூன்றாவது ஆள் மக்னீசியம், சுமார் 1300 மில்லிகிராம். பவளம் அதைக் கொஞ்சமாகத்தான் எடுக்கிறது. ஆனால் அது இல்லாவிட்டால் மற்ற இரண்டும் தண்ணீரில் நிற்காது. கடல் நீரில் சுண்ணாம்பு அளவுக்கு மீறியே கரைந்திருக்கிறது, கணக்குப்படி பார்த்தால் அது தானாகவே படிந்துவிட வேண்டும். படிகம் உருவாகத் தொடங்கும்போதே மக்னீசியம் அதன் மேல் போய் ஒட்டிக்கொண்டு வளர விடாமல் தடுக்கிறது. மக்னீசியம் குறைந்த தொட்டியில் நீங்கள் ஊற்றுகிற கால்சியமும் கே.எச்.சும் பம்ப்பின் மேலும் ஹீட்டரின் மேலும் வெள்ளைப் பொருக்காகப் படியும். பவளத்துக்குப் போய்ச் சேராது. மாதம் ஒரு முறை அளந்தால் போதும்.

கே.எச். அளக்கிற வேலை எனக்குப் பிடித்தமானது. ஆலத்தி கரைக்கும்போது மஞ்சள் தண்ணீரில் சுண்ணாம்பு பட்டதும் சட்டென்று சிவக்கும் இல்லையா, கிட்டத்தட்ட அதேதான். மஞ்சள் காரத்தைக் கண்டால் சிவக்கும். இங்கே எதிர்த்திசையில் போகிறோம். தொட்டித் தண்ணீரைச் சின்னக் குப்பியில் எடுத்து, நிறங்காட்டி இரண்டு சொட்டு விட்டு, அமிலத்தைத் துளித்துளியாகச் சேர்க்க வேண்டும். பைகார்பனேட் இருக்கிற வரை அமிலத்தை அது விழுங்கிக்கொண்டே இருக்கும், நிறம் அப்படியே நிற்கும். இருப்பு தீர்ந்த துளியில் நீலம் போய் இளஞ்சிவப்பு வந்துவிடும். எத்தனை துளி ஆயிற்று என்பதுதான் கே.எச். என் மகள் ஏழு வயதிலிருந்து இதைச் செய்கிறாள். துளியை எண்ணுவதில் என்னைவிடப் பொறுமைசாலி.

தொட்டி தொடங்கி இரண்டாம் வருடம் நடந்ததைச் சொல்கிறேன். பவளங்கள் நன்றாகப் பிடித்துக்கொண்டு வளரத் தொடங்கியிருந்தன. வளர்ந்தால் அதிகம் சாப்பிடும், பிள்ளைகளைப் போல. அலுவலகத்தில் வேலை நெருக்கியதால் நான்கு வாரம் அளக்கவில்லை. ஒரு ஞாயிற்றுக்கிழமை இரவு அளந்தபோது கே.எச். 5.6. எனக்குப் பதறிவிட்டது. கையில் இருந்த பட்டியலில் 8 முதல் 9 வரை என்று எழுதியிருந்தது. ஆப்பசோடாவும் நீரில் கரைந்தால் பைகார்பனேட்தான். 100 லிட்டர் தண்ணீரில் கே.எச்.சை 1 ஏற்ற 3 கிராம் வேண்டும். என் 200 லிட்டருக்குக் கணக்குப் போட்டேன், 20 கிராம் வந்தது. எடை போட்டுக் கரைத்து அந்த இரவே ஊற்றினேன். காலையில் அளந்தேன். 9. சரியாகச் செய்துவிட்டோம் என்று வேலைக்குப் போனேன்.

புதன்கிழமை காலை, மேல் தட்டில் இருந்த பெரிய அக்ரோபோராவின் அடிப்பகுதி வெள்ளையாக இருந்தது. கிட்டே போய்ப் பார்த்தால் தோல் உரிந்து நீரோட்டத்தில் பஞ்சு போல ஆடுகிறது. இதற்கு ஆர்.டி.என். என்று பெயர், வேகமாகத் திசு அழிவது. மாலை வீடு திரும்பியபோது பாதிக் கொம்பு போயிருந்தது. எஞ்சியிருந்த இரண்டு நுனிகளை வெட்டி வேறு கல்லில் ஒட்டினேன். வியாழக்கிழமை தாய்க்கொம்பு முழுவதும் வெறும் எலும்பு. கட்டைவிரல் அளவில் வாங்கி, ஒன்றரை வருடம் வளர்த்த பவளம். அன்றைக்கு நான் சாப்பிடவில்லை.

கணக்கில் தவறு இல்லை. 9 என்பது தவறான எண்ணும் இல்லை. பவளத்தின் தோலுக்கும் எலும்புக்கும் நடுவே மெல்லிய நீர்ப்படலம் ஒன்று உண்டு. அந்தப் படலத்திலிருந்து ஹைட்ரஜன் அயனிகளை வெளியே இறைத்து, கால்சியத்தை உள்ளே இழுத்துத்தான் கல் கட்டுகிறது. கிணற்றிலிருந்து இறைப்பது போல உழைப்பு செலவாகிற வேலை. வெளியே இருக்கிற தண்ணீருக்கு ஏற்றபடி நாள் பார்த்து, வாரம் பார்த்து அது தன்னைப் பழக்கிக்கொள்கிறது. நான்கு வாரமாக மெல்ல மெல்ல 5.6க்கு இறங்கிய தண்ணீரோடு என் பவளம் எப்படியோ ஒத்துப்போயிருந்தது. நான் அதை ஓர் இரவில் வேறு கடலுக்குத் தூக்கிப் போட்டுவிட்டேன். அது மட்டுமல்ல, அந்தச் சமயம் என் தொட்டியில் நைட்ரேட், பாஸ்பேட் இரண்டும் கிட்டத்தட்டப் பூஜ்யம். சாப்பாடு குறைவாக இருக்கும்போது கே.எச். கூடினால் அக்ரோபோராவின் நுனி கருகும் என்பது தொட்டிக்காரர்கள் நிறைய பேர் பட்டுத் தெரிந்துகொண்டது. எனக்கு அது பிறகுதான் தெரியும்.

இப்போது நான் வைத்திருக்கும் அளவு 8. இது 7.5 ஆக இருந்தாலும் சரி, 8.5 ஆக இருந்தாலும் சரி, எதை வைத்தாலும் அங்கேயே நிற்க வேண்டும் என்பதில்தான் என் கவனம் எல்லாம். ஏற்ற வேண்டியிருந்தால் ஒரு நாளைக்கு 0.5க்கு மேல் ஏற்றுவதில்லை. புதன், சனி இரண்டு நாளும் அதே காலை எட்டு மணிக்கு அளக்கிறோம், ஏனென்றால் ஒரே நாளிலேயே காலைக்கும் இரவுக்கும் வித்தியாசம் வரும். வாரம் 20 லிட்டர் தண்ணீர் மாற்றும்போதும் இதைப் பார்க்க வேண்டியிருக்கிறது. கடையில் விற்கும் சில உப்பு வகைகளைக் கரைத்தால் கே.எச். 12 வரை இருக்கும். பத்தில் ஒரு பங்கு மாற்றினாலே தொட்டி 8லிருந்து 8.4க்குப் போய்விடும். தொட்டியின் எண்ணுக்குப் பக்கத்தில் இருக்கிற உப்பாகப் பார்த்து வாங்குகிறேன்.

சரி, தினமும் பவளம் சாப்பிடுவதை எப்படித் திருப்பிக் கொடுப்பது? கால்சியம் குளோரைடு ஒரு குப்பி, சோடா இன்னொரு குப்பி என்று இரண்டாகப் பிரித்து, சின்ன பம்ப்புகள் வைத்துச் சொட்டுச் சொட்டாக விடுகிற முறை இருக்கிறது. அமெரிக்க வேதியியலாளர் ராண்டி ஹோம்ஸ்-ஃபார்லி இதற்கான அளவுகளை எல்லோருக்கும் புரிகிற மாதிரி எழுதிக் கொடுத்திருக்கிறார். வீட்டுத் தொட்டி வேதியியலில் அவர் எழுத்தைப் படிக்காத ஆள் இருக்க மாட்டார்கள். நல்ல முறைதான், பலரும் அதைத்தான் செய்கிறார்கள். ஆனால் என் மனம் நின்றது சுண்ணாம்புத் தண்ணீரில்.

அப்பத்தா வெற்றிலைக்குச் சுண்ணாம்பு நீற்றுவதைப் பார்த்திருக்கிறேன். சுட்ட கிளிஞ்சலைச் சட்டியில் போட்டுத் தண்ணீர் ஊற்றினால் அடுப்பே இல்லாமல் கொதிக்கும். "கிட்ட வராதடா, தெறிச்சா கண்ணு போயிரும்" என்பார். அப்படி நீற்றிய சுண்ணாம்புதான் கால்சியம் ஹைட்ராக்சைடு. அதை ஆர்.ஓ. தண்ணீரில் கலக்கித் தெளிய வைத்தால் மேலே நிற்கும் தெளிவில் லிட்டருக்கு ஒன்றரை கிராமுக்குச் சற்றே மேல் கரைந்திருக்கும், அதற்கு மேல் கரையாது. அந்தத் தெளிநீரில் கால்சியமும் கே.எச்.சும் பவளம் எடுக்கிற அதே விகிதத்தில் இருக்கின்றன. கல்லைச் சுட்டு நீற்றினால் வருவது, கல் கட்டத் தேவையான பங்கில் இருப்பது இயல்புதானே. எழுபதுகளில் சுவிட்சர்லாந்தின் பீட்டர் வில்கென்ஸ் இதைத் தொட்டிகளில் பரப்பினார். ஜெர்மன் மொழியில் கால்க்வாசர். உலகம் முழுக்கத் தொட்டிக்காரர்கள் அந்தப் பெயரைத்தான் சொல்கிறார்கள், நான் வீட்டில் சுண்ணாம்புத் தண்ணீர் என்கிறேன்.

ஆவியான தண்ணீருக்குப் பதிலாக வெறும் தண்ணீரை விடாமல் இந்தத் தெளிநீரை விட வேண்டும், அவ்வளவுதான். நம்மைப் போல வெப்பமான ஊர்க்காரர்களுக்கு இதில் ஓர் அனுகூலம் உண்டு. விசிறி ஓடாத, மூடி போட்ட தொட்டியில் கொஞ்சம்தான் ஆவியாகும், அதனால் விடக்கூடிய சுண்ணாம்பும் கொஞ்சம்தான். எனக்கு நாளைக்கு மூன்றரை லிட்டர். முழுச் செறிவில் விட்டால் அதுவே கே.எச்.சை 2 ஏற்றிவிடும். என் பவளங்கள் எடுப்பது நாளைக்கு 1. ஆகவே பாதிச் செறிவில் விடுகிறேன், கணக்கு நேராகிவிடுகிறது. இத்தனை நாள் தொல்லையாக நினைத்த ஆவியாதல் இப்போது வேலை செய்து கொடுக்கிறது.

ஆனால் கவனம். சுண்ணாம்புத் தெளிநீரின் பி.எச். 12க்கு மேல். பம்ப் நிற்காமல் ஓடி, மொத்தத்தையும் தொட்டிக்குள் இறைத்துவிட்டால் தண்ணீர் பால் போல வெளுத்து, எல்லாம் சாகும். அதனால் என் சுண்ணாம்புக் கலத்தில் இரண்டு நாளுக்கு மேல் தேவையான தண்ணீரை நிரப்புவதில்லை. கலத்துக்கு மூடியும் வேண்டும். திறந்திருந்தால் காற்றில் உள்ள கரியமில வாயுவோடு சேர்ந்து மேலே ஏடு கட்டி மறுபடி கல்லாகிவிடும். வெற்றிலைச் சுண்ணாம்பை வாங்கிப் போடலாமா என்று சிலர் கேட்கிறார்கள். வேண்டாம். அதில் வேறு என்னென்ன கலந்திருக்கிறது என்று தெரியாமல் தொட்டியில் விடக் கூடாது.

சுண்ணாம்புத் தண்ணீர் பி.எச்.சையும் தூக்கிப் பிடிக்கிறது. வீட்டில் எல்லோரும் ஜன்னலை மூடிவிட்டு ஏசி போட்டுத் தூங்கினால், நாங்கள் விடுகிற மூச்சில் அறையில் கரியமில வாயு கூடி, தண்ணீரில் கரைந்து, விடியற்காலையில் பி.எச். 7.8க்கு வந்துவிடும். இரவில் பவளத்துக்குள் இருக்கிற பாசிகள் ஒளிச்சேர்க்கை செய்யாததும் சேர்ந்துகொள்கிறது. காரணம் அறைக் காற்றுதானா என்று தெரிந்துகொள்ள எளிய வழி: ஒரு டம்ளர் தொட்டித் தண்ணீரை வெளித் தாழ்வாரத்துக்கு எடுத்துப் போய் ஒரு மணி நேரம் காற்றுக் குமிழி விட்டு அளந்து பாருங்கள். பி.எச். ஏறினால் ஜன்னலைத் திறக்க வேண்டும். பி.எச். குறைகிறது என்று சோடாவைக் கொட்டிக் கே.எச்.சை ஏற்றாதீர்கள். பி.எச்.சைத் துரத்தித்தான் நிறைய தொட்டிகள் அழிகின்றன.

வரவேற்பறையில் நடக்கிற இது கடலிலும் நடக்கிறது. தொழிற்புரட்சிக்குப் பிறகு கடலின் மேற்பரப்பு பி.எச். சராசரியாக 8.2லிருந்து 8.1க்கு இறங்கியிருக்கிறது. அரிசோனா பாலைவனத்தில் பயோஸ்பியர் 2 என்ற கண்ணாடிக் கூடத்துக்குள் ஒரு செயற்கைக் கடலே கட்டியிருந்தார்கள். அங்கே கிறிஸ் லாங்டன் குழுவினர் தண்ணீரின் வேதியியலை மாற்றி மாற்றிப் பவளம் கல் கட்டுகிற வேகத்தை அளந்து 2000இல் வெளியிட்டார்கள். தண்ணீரில் கார்பனேட் குறையக் குறைய வேகமும் குறைந்தது. என்னால் ஜன்னலைத் திறக்க முடிகிறது. கடலுக்கு ஜன்னல் இல்லை.

நைட்ரேட், பாஸ்பேட் பற்றிச் சுருக்கமாக. இரண்டும் மீன் சாப்பாட்டிலிருந்து வருகின்றன. அதிகமானால் பாசி படரும், பாஸ்பேட் கூடினால் கல் கட்டுவதும் தடைப்படும். அதற்காகப் பூஜ்யமாக்கினால் பவளம் வெளிறிப் பட்டினி கிடக்கும். நைட்ரேட் 5, பாஸ்பேட் 0.05 என்ற அளவில் என் தொட்டி நிம்மதியாக இருக்கிறது.

இவ்வளவு கருவி இல்லாத காலத்தில், 1961இல், ஜகார்த்தாவில் லீ சின் எங் என்பவர் கடல் தண்ணீர், கடலிலிருந்து எடுத்த உயிருள்ள பாறை (நுண்ணுயிர்கள் குடியிருக்கும் பாறை), காற்றுக் குமிழி இவை மூன்றை மட்டும் வைத்துப் பவளம் வளர்க்கும் முறையைப் பத்திரிகையில் எழுதினார். இன்றைய தொட்டிகளின் பாறைக்கு அவர்தான் முன்னோடி. கடல் அவருக்குப் பக்கத்தில் இருந்தது. மாற்ற மாற்றப் புதுத் தண்ணீர். என் கருவிகள் எல்லாம் கடல் பக்கத்தில் இல்லாத குறையைத் தீர்க்கத்தான்.

இதைப் படித்துவிட்டு ராமநாதபுரம் பக்கத்திலிருந்து யாராவது 'இங்கேதான் கிடைக்குமே, ஒரு கல் எடுத்து வளர்க்கலாமா' என்று கேட்பீர்கள். என் சித்தப்பா மகனே கேட்டான். எடுக்காதீர்கள். 2001இலிருந்து கல் கட்டும் பவளங்கள் அத்தனையும் வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டத்தின் முதல் அட்டவணையில் இருக்கின்றன. கரையில் ஒதுங்கிய செத்த துண்டைக்கூடத் தூக்கி வரக் கூடாது. சட்டத்தைவிடப் பெரிய காரணம் ஒன்று இருக்கிறது. மன்னார் வளைகுடாவில் 21 தீவுகள். சுண்ணாம்புக்கும் கட்டடத்துக்கும் பவளப்பாறையை வெட்டி வெட்டி எடுத்ததில் விலாங்குசல்லி, பூவரசன்பட்டி என்ற இரண்டு தீவுகள் தண்ணீருக்கு அடியில் போய்விட்டன. எங்கள் அப்பத்தா வீட்டுச் சுவரும் அந்தக் கணக்கில் சேர்ந்ததுதான். இங்கே நான் வாங்குவதெல்லாம் பிறர் தொட்டியில் வளர்ந்து வெட்டிய துண்டுகள். என்னிடம் அதிகமாவதையும் அப்படியே கொடுக்கிறேன்.

அன்றைக்கு வெட்டி ஒட்டிய இரண்டு நுனிகளில் ஒன்று பிழைத்தது. மூன்று வருடத்தில் அது இரண்டு கைகளையும் சேர்த்து விரித்த அகலத்துக்கு வந்திருக்கிறது. நுனிகள் நீலம், அடி பச்சை.

அடுத்த மாதம் மூன்று வாரம் ஊருக்குப் போகிறோம். எதிர் வீட்டு அண்ணன் தொட்டியைப் பார்த்துக்கொள்வதாகச் சொல்லியிருக்கிறார். சுண்ணாம்புக் கலத்தை எப்படி நிரப்புவது என்று காட்டிக் கொடுத்தேன். மகள் அவருக்குக் கே.எச். அளக்கக் கற்றுக் கொடுத்தாள். அலமாரிக் கதவின் உட்புறம் ஒரு தாள் ஒட்டியிருக்கிறேன்: "அண்ணே, புதனும் சனியும் காலை எட்டு மணிக்கு அளந்து எனக்குப் படம் அனுப்புங்கள். எந்த எண் வந்தாலும் தொட்டிக்குள் எதையும் ஊற்ற வேண்டாம்."